முதலில் ஒரு முகவரி

(நமது அறக்கட்டளையின் மாணவர் பாராட்டு விழாவில் ஆற்றிய உரை)



மேற்படிப்புக்காக அயல்நாடு செல்லும் மாணவர்களுக்கு நடைமுறையில் பயன்படும் சிலவற்றைக் கூறுமாறு அறக்கட்டளைப் பெரியோர்கள் என்னைப் பணித்தனர். எல்லா நாடுகளையும் நான் அறியேன். ஜெர்மனியில் படித்து அங்கேயே பணியாற்றுபவன் என்னும் முறையில் அந்நாட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2019 அக்டோபரில் சாக்சனி மாநிலத்துக் கெம்னிட்ஸ் நகருக்குச் சென்றேன். வந்தவாசிப் பக்கத்திலுள்ள எங்கள் கழனியை அடகு வைத்து என் தந்தையார் அனுப்பினார். புறப்படும் முன்பே இணையத்தில் ஓர் அறையைப் பார்த்து, கேட்ட முன்பணத்தை அனுப்பிவிட்டேன். போய் இறங்கினால் தெரு இருந்தது, வீடும் இருந்தது. அறையை வாடகைக்கு விட்டவர் என்று ஒருவர் அங்கு இல்லை. பணம் போயிற்று. முன்பின் அறியாத ஆந்திர மாணவர் ஒருவர் தம் அறையின் தரையில் எனக்கு இடம் தந்தார்.

இழப்பு அத்துடன் நிற்கவில்லை. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். 'அன்மெல்டுங்' என்பர். அதற்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட குடியிருப்பு உறுதிச் சான்று வேண்டும். நண்பரின் அறையில் ஒண்டியிருந்த எனக்கு அதை யார் தருவார்? பதிவுச் சான்று இல்லாததால் நான் அணுகிய வங்கி கணக்குத் தொடங்க மறுத்தது. வங்கிக் கணக்கு இல்லாததால், விசாவுக்காக நான் கட்டி வைத்திருந்த பணமும் கைக்கு வரவில்லை. என் பெயரில் பணம் இருந்தும் ஏழு வாரங்கள் கடன் வாங்கி உண்டேன்.

ஆகவே மாணவர்களே, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்றே, 'ஷ்டுடீரெண்டன்வெர்க்' எனப்படும் மாணவர் நல அமைப்பின் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். இடம் கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம். தனியார் அறையானால், முகவரிப் பதிவுக்கான சான்று தருவீர்களா என்று முன்னதாகவே எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பவரின் அறை மலிவாயினும் வேண்டா. நேரில் பாராமலும், அங்குள்ள மூத்த மாணவர் ஒருவரைப் பார்க்கச் செய்யாமலும் ஒரு காசும் அனுப்பாதீர்கள். சட்டப்படி முன்பணம், இதர செலவுகள் சேராத மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. அதையும் மூன்று தவணைகளில் செலுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு.

குடிபுகுந்ததும் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே அடுக்ககங்களில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது. பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவர். பெயரில்லையேல் கடிதம் திரும்பிவிடும். வரி அடையாள எண், காப்பீட்டு அட்டை, வங்கிக் கடிதங்கள் யாவும் தபாலில்தான் வரும். வருகின்ற கடிதம் எதையும் பிரிக்காமல் ஒதுக்காதீர்கள். ஒலிபரப்புக் கட்டணமாக மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். அது ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். உடன் வசிப்பவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். பொருட்படுத்தாமல் விட்டால் நிலுவையாகச் சேரும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். 2024 செப்டம்பர் முதல் மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம் அது கைக்கு வரும். பகுதி நேர வேலையை நம்பி இக்கணக்கைப் போடாதீர்கள். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மொழி தெரியாதவர்க்கு முதல் மாதங்களில் வேலை கிடைப்பது அரிது. இங்கிருக்கும்போதே ஜெர்மன் மொழியின் தொடக்க நிலைகளையேனும் படித்துச் செல்லுங்கள். விசாக் காலம் முடியும் முன்னரே தங்கும் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

தாய்மார்கள் உணவைப் பற்றிக் கேட்பீர்கள். அரிசி, பருப்பு, காய்கறி யாவும் கிடைக்கும். பல்கலைக்கழக உணவகங்களில் சைவ உணவும் உண்டு. ஆயினும் இனிப்புகளிலும் சில தயிர் வகைகளிலும் ஜெலட்டீன் கலந்திருக்கும். பாலாடைக்கட்டி சிலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் இருக்கும். உறையில் உள்ள பட்டியலைப் படித்து வாங்கப் பழக வேண்டும். பொழுது சாயுமுன் உண்ணும் நியமம் உடையவர்கள் ஒன்றை அறிக. டிசம்பரில் மாலை 4 மணியளவிலேயே கதிரவன் மறையும். ஜூனில் இரவு 9 மணிக்குப் பின்னரே மறையும். குளிர்காலத்தில் வகுப்பு முடிந்து வரும்போது இருட்டியிருக்கும். நண்பகலில் உண்ணும் கட்டுச்சோற்றை விடியற்காலையிலேயே சமைத்து எடுத்துச் செல்வதே வழி. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

அந்த இருட்டு மனத்தையும் வாட்டும். உறக்கம் கெட்டாலோ, வகுப்புக்குச் செல்லவே மனமில்லாமற் போனாலோ, அது சோம்பல் என்று எண்ணி மறைக்காதீர்கள். மாணவர் நல அமைப்புகளில் மனநல ஆலோசனை உண்டு. நாடிச் செல்லுங்கள், அதில் இழுக்கில்லை.

இறுதியாகப் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்த ஏழு வாரங்களும் ஞாயிறுதோறும் அப்பாவிடம் பேசினேன். "சாப்பிட்டாயா? எல்லாம் சௌகரியமா?" என்பார். "எல்லாம் நலம் அப்பா" என்பேன். அடகில் இருக்கும் கழனி நினைவுக்கு வரும், வாய் திறவாது. கடைசியில் என் நண்பர் வற்புறுத்தியதால் உண்மையைச் சொன்னேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பணம் போனால் போகிறது. இத்தனை நாள் இதை என்னிடம் சொல்லாமல் எப்படியடா இருந்தாய்?" என்றார். மறுநாளே ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பார்த்தார். அவர் மூலம் அங்குள்ள ஒருவரின் தொடர்பு கிடைத்து, பத்து நாட்களுக்குள் எனக்கு முறையான அறை அமைந்தது. முதல் வாரமே சொல்லியிருந்தால் முதல் மாதமே முடிந்திருக்கும்.

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களே, "சாப்பிட்டாயா" என்பதோடு நிறுத்தாதீர்கள். முகவரி பதிந்தாயிற்றா, கணக்குத் தொடங்கியாயிற்றா, கையில் எவ்வளவு இருக்கிறது என்றும் கேளுங்கள். செலவான பணத்தை நினைவூட்டிப் பேசாதீர்கள். அப்பேச்சே பிள்ளைகளின் வாயை அடைத்துவிடும். மாணவர்களே, நீங்களும் மறைக்காதீர்கள்.

என் தொலைபேசி எண்ணை அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுத்துள்ளேன். இவ்வாண்டு அங்கு வருவோர், அறைக்குப் பணம் அனுப்பும் முன் என்னை ஒருமுறை அழையுங்கள்.