கூத்தும் ஊரும்



தென்னாற்காடு மாவட்டம் 1993ஆம் ஆண்டில் கடலூர், விழுப்புரம் என இரண்டாயிற்று. கூத்து அந்த எல்லைக்கோட்டை அறியாது. குடிகாடும் கடலூரும் சிதம்பரமும் அடங்கிய இம்மாவட்டத்திலும், செஞ்சி வட்டாரத்திலும், திரௌபதி அம்மன் விழாக்களில் நிகழ்வது ஒரே பாரதமே. அதனைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்ததும் இவ்வட்டாரத்துத் திருமுனைப்பாடி நாட்டில்தான்.

விழா நாள்களில் பகற்பொழுதில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக எழும். அருச்சுனன் தவசன்று வேடமணிந்தவர் நெடிய மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்தைப் பெறுவதற்குப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பர். படுகளத்தில் மண்ணால் வனைந்த துரியோதனன் நெடுங்கிடையாகக் கிடப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். பின்னர் ஊரார் தீ மிதிப்பர். இங்கே நடிப்பவர் எவர், பார்ப்பவர் எவர்? மடியேந்தியவளும் தீயில் இறங்கியவனும் கூத்தின் பாத்திரங்களே. கூத்து ஊரைக் காப்பதும், ஊர் கூத்தைக் காப்பதும் இவ்வாறுதான்.

ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையை நகரத்து நடிகர்கள் பயின்றனர். அதனால் கூத்துக்கு விளைந்த மதிப்புச் சிறிதன்று. எனினும் விடிய விடிய நிகழும் கூத்தை ஒரு மணிநேரக் காட்சியாகச் சுருக்கினால் அடவு எஞ்சும், பாட்டு எஞ்சும். மடியேந்தி நிற்பவள் எஞ்சமாட்டாள்.

ஊர் என்று சொல்லும்போதே மற்றொரு வினாவும் எழுகிறது. ஊர் என்பது எவரெவரை உள்ளடக்கியது? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சமூகத்தார் உள்ளே சென்று வழிபடுவது பற்றிய பிணக்கினால், 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. அவையில் நீதி கேட்டு நின்றவளின் கோயிலிலேயே அந்நீதி கேட்கப்பட வேண்டியதாயிற்று. ஊர் கூடித் தேர் இழுப்பதெனில் வடத்தில் எல்லார் கையும் படவேண்டும். ஒரு தெருவை விலக்கிவிட்டுக் காக்கப்படும் மரபு, பாதி மரபே.

கூத்தில் கட்டியங்காரன் அரசனுக்குக் கட்டியம் கூறுவான். அடுத்த நொடியே அவனை எள்ளி நகைப்பான். திரும்பி நின்று மக்களோடு பேசுவான். கவிஞர்க்கு அவனினும் சிறந்த முன்னோடி இல்லை. மரபைப் போற்றுவது அவர்கள் கடமை. அம்மரபின் வாசலில் நிறுத்தப்பட்டவர் யாரெனக் கேட்பதும் அவர்கள் கடமையே. இரண்டும் சேர்ந்தால் கூத்து வாழும், ஊரும் வாழும்.