ஆபரேஷன் ஆன பிறகும் ஸ்கேன் எதற்கு?

(ஹனூர் அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. பாங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். எங்கள் அத்திம்பேர் பட்ட பாட்டைச் சொல்லச் சொன்னார்கள். அவரே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், தப்பாகச் சொன்னால் திருத்துவார்.

ப்ராஸ்டேட்டுக்காக எடுத்த ஸ்கேனில், வயிற்றில் ஓடும் பெருந்தமனி 5.6 சென்டிமீட்டருக்கு வீங்கியிருப்பது தெரிந்தது. சாதாரணமாக அது 2 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 5.5-ஐத் தாண்டினால் சரிசெய்வதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். வெடித்தால் பிழைப்பது அரிது. ஐன்ஸ்டீன் 1955-இல் காலமானது இதனால்தான். அத்திம்பேருக்கு நாற்பது வருஷ சிகரெட் பழக்கம். (முறைக்காதீர்கள், அத்திம்பேர்!)

வயிற்றைக் கிழிக்காமல், தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் என்ற குழாயை உள்ளே வைத்தார்கள். அர்ஜென்டினாவில் டாக்டர் ஹுவான் பரோடி 1990-இல் செய்து காட்டிய முறை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து ரசஞ்சாதம் சாப்பிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. "ஆபரேஷன்தான் ஆயிடுத்தே, இன்னும் எதுக்குடா ஸ்கேன்?" என்று இரண்டு வருஷம் போகவில்லை. கொள்ளேகாலில் பஸ் மாறி மைசூர் போவதற்கு எனக்கும் சோம்பல்தான். ஃபைலில் வருஷா வருஷம் வரச்சொல்லி எழுதியிருந்தது. நான் படிக்கவே இல்லை.

பிறகு முதுகுவலி வந்தது. வாயுப்பிடிப்பு என்று தைலம் தடவினோம். கடைசியில் ஸ்கேன் எடுத்தால் வீக்கம் 6.4!

டாக்டர் படம் போட்டு விளக்கினார். வயிற்றைத் திறந்து செய்தால் குழாயைத் தைத்துவிடுவார்கள். இதில் தையல் இல்லை. கொக்கியும் விரியும் பலமும்தான் பிடிப்பு. பழைய வீங்கின பை அப்படியே இருக்கும். அதற்குள் மறுபடி ரத்தம் கசிந்தால் 'எண்டோலீக்'. சின்னக் கிளை நாளங்கள் வழியாக வருவது அதிகம். பல சமயம் தானாக நின்றுவிடும். குழாயின் நுனி நழுவி வரும் கசிவுதான் ஆபத்து. அத்திம்பேருக்குக் கீழ் நுனி நழுவியிருந்தது. இன்னொரு துண்டு சேர்த்து அடைத்தார்கள்.

இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வொன்றின் நீண்டகால முடிவு 2016-இல் வந்தது. முதல் ஆறு மாதம் இந்த முறையில் மரணம் குறைவு. எட்டு வருஷத்துக்குப் பிறகு, திறந்து செய்தவர்களைவிட அதிகம். பை வெடிப்பதும் ஒரு காரணம். அதற்காக இந்த முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுபத்தைந்து வயதில் வயிற்றைத் திறந்திருந்தால் அத்திம்பேர் தாங்கியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

சி.டி.க்கு ஏற்றும் மருந்து சிறுநீரகத்துக்கு ஆகாதவர்கள் டாப்ளர் ஸ்கேன் போதுமா என்று டாக்டரைக் கேட்கலாம். கால் திடீரென்று ஜில்லிட்டு வலித்தால் குழாயின் ஒரு கிளை அடைத்திருக்கலாம்; காலை வரை காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

இப்போது அக்கா பஞ்சாங்கத்தில், ஆவணி அவிட்டத்துக்குப் பக்கத்தில், ஸ்கேன் தேதியைச் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறாள். துணைக்குப் போகிறவன் நான்தான்.