உறுதியைப் படிப்பவர் யார்?
(சுருவிலில் ஆற்றிய உரை)



சட்டத்தரணிகள் தமது எழுத்து வேலையைக் கடல்கடந்த கம்பெனிகளிடம் ஒப்படைக்கும் வழக்கம் உலகில் வேரூன்றிவிட்டது. அமெரிக்க, பிரித்தானியச் சட்ட நிலையங்களுக்காகப் பத்திரங்களைத் தரம்பிரித்தல், தீர்ப்புகளைத் தேடுதல், ஒப்பந்தங்களை வரைதல் ஆகிய பணிகள் இந் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சென்னை, மும்பாய் போன்ற நகரங்களில் நடைபெறுகின்றன. செலவு குறைகின்றது, படித்த இளைஞர் ஊதியம் பெறுகின்றனர். இவற்றை நாம் மறுக்கவில்லை.

சுருவில் உழவனுக்கு இதனால் வரும் கேடு யாது என்று கேட்பீர்கள். கேடு காணியிலேதான் வரும்.

1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் தீவகத்தை விட்டுப் பெயர்ந்த நம்மவர் பலர் இன்று கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். அவர்தம் காணி அலுவல்கள் அற்றோணித் தத்துவத்தின் மூலம் நடக்கின்றன. உறுதியின் படம் நொடியில் கடல் கடக்கின்றது. அதைப் படித்து வரைவு எழுதுபவர் நம் மண்ணைக் காணாதவராயின் என்ன நேரும்?

நம் பழைய உறுதிகளில் நிலம் லாச்சக் கணக்கிலே குறிக்கப்பட்டுள்ளது. வரகு விதைப்புக் கணக்கில் 16 லாச்சம் ஓர் ஏக்கர். நெல் விதைப்புக் கணக்கில் 24 லாச்சம் ஓர் ஏக்கர். ஆகவே 24 லாச்சம் என்பது ஒரு கணக்கில் ஒன்றரை ஏக்கர், மறு கணக்கில் ஓர் ஏக்கர். வரகு என்னும் ஒரு சொல் விடுபட்டால் அரை ஏக்கர் போய்விடும்!

அளவு மட்டுமா? 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று ஆதனத்தைப் பிரிக்கின்றது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் பங்காளருக்கு முதலில் வாங்கும் உரிமையை அளிக்கின்றது. இவ் வேறுபாடுகளை அறியாதவர் எழுதும் வரைவு, உடன்பிறந்தாரை நீதிமன்றப் படியேற்றும்.

இரகசியமும் உண்டு. குடும்பப் பிணக்கும் கடனும் சீதனமும் எழுதப்பட்ட பத்திரங்களை எத்தனை பேர் பார்க்கின்றனர் என்பதைக் கட்சிக்காரர் அறிவதில்லை.

அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் 2008இலேயே இதனை ஆராய்ந்தது. வேலையை வெளியே கொடுக்கலாம். ஆயினும் மேற்பார்வையும் பொறுப்பும் சட்டத்தரணியையே சாரும். இரகசியத்தைப் பிறரிடம் ஒப்படைக்குமுன் கட்சிக்காரரின் சம்மதம் வேண்டப்படலாம் என்று அது கருத்துரைத்தது. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றமும், இத்தகைய கம்பெனிகளின் பணி சாராம்சத்தில் சட்டத் தொழிலாக அமையாதவரைதான் அவை வழக்கறிஞர் சட்டத்துக்குப் புறம்பாக நிற்கலாம் எனக் கூறியது.

நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்பம், அயலார் எழுதியதைப் படியாமல் இடும் கையொப்பமாகிவிடக் கூடாது.

ஆதலின் நாம் கேட்பன மூன்று. வேலை வெளியே போவதாயின் கட்சிக்காரருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். வரைவை மூல உறுதியோடும் காணிப் பதிவேட்டோடும் நீங்களே ஒப்புநோக்குங்கள். பழைய உறுதி வாசிக்கும் பயிற்சியைச் சட்டம் கற்கும் நம் பிள்ளைகளுக்கு அளியுங்கள். அவ் வேலை முழுவதும் வெளியே சென்றால், நாளை நம் உறுதியை வாசிக்க நம்மிடையே ஒருவரும் இரார்.

உழவர்களே! விளங்காத பத்திரத்தில் கைச்சாத்திடாதீர்கள். எழுதியவர் யார், படித்தவர் யார் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடை சொல்வது சட்டத்தரணியின் கடமை.