மாதிரியும் பொருளும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், கணிப்பொறியைப் பற்றிப் பேச முன்வந்தது உங்களுக்கு வியப்பளிக்கலாம். 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் ஐசரும் நம் ஏர்பேட்டிலேயே வளாகம் கொண்டிருக்க, இங்கு நமக்கென்ன வேலை எனலாம். ஆயினும், நம் வீடு பட்ட பாடு பிற வீடுகளுக்குப் பயன்படும் என்று கருதியே இம்மேடை ஏறினோம்.

நம் மூத்த மகள் பொறியியல் முடித்து, பெரிய நிறுவனங்களுக்கு ஜாவா மொழியில் நிரல் எழுதக் கற்றாள். வங்கி போன்ற இடங்களில் பல்லாயிரவர் ஒரே வேளையில் கேட்பதை ஏற்று நடத்தும் மென்பொருளுக்கு அப்ளிகேஷன் சர்வர் என்று பெயர். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் சிக்னலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அதற்கு வேறு ஆள் உண்டு. அதுபோல, யாரை உள்ளே விடுவது, கணக்கை எப்போது உறுதி செய்வது என்பனவற்றைச் சர்வர் பார்த்துக்கொள்ளும். எழுதுபவர் தம் அலுவலை மட்டும் எழுதினால் போதும். இதற்குரிய விதிகளைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999 டிசம்பரில் ஜே2இஇ என்னும் பெயரில் வெளியிட்டது.

கற்போருக்கென்று அந்நிறுவனமே மாதிரி நிரல்களும் தந்தது. வளர்ப்புப் பிராணிகள் விற்கும் 'பெட் ஸ்டோர்' ஒன்று. 'டியூக்ஸ் பேங்க்' என்னும் சிறு வங்கி மற்றொன்று. 2001இல் மைக்ரோசாஃப்ட் அதே கடையைத் தன் டாட் நெட்டில் எழுதி, எம்முடையதே சிறியது, விரைவானது என்றது. கற்பிக்க எழுதியதைப் பந்தயத்தில் ஓடவிடலாகாது என்று ஜாவா தரப்பினர் விடையிறுத்தனர். மாதிரி எதற்காக எழுதப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும் என்பதே இதில் நாம் கொள்ளும் பாடம்.

நம் மகள் அதை அறியவில்லை. மாதிரிகளை மனப்பாடம் செய்துகொண்டு சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றாள். "இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டார்களாம். அவளால் சொல்ல இயலவில்லை. திரும்பி வந்து இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை.

நாம் அவளைக் கடியவில்லை. பணியில் சேர்ந்த புதிதில் நமக்கு ஒரு மாதிரிப் படிவம் கொடுத்தார்கள். அதைப் பார்த்து எழுதிய நாம், மாதிரியில் இருந்த தேதியையும் சேர்த்தே எழுதிவிட்டோம்! தந்தைக்கு நேர்ந்தது மகளுக்கும் நேர்ந்தது.

அன்றிரவு முதல் ஒரு வழக்கம் கைக்கொண்டோம். ஒவ்வொரு வரியையும் அவள் நமக்குத் தமிழில் விளக்க வேண்டும். விளக்க இயலாத வரி, அவள் அறியாத வரி. பழைய மாதிரி ஒன்று புதிய சர்வரில் ஓட மறுத்தது. காரணம் தேடினாள். 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா இஇ 9இல், 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறியிருந்தன. மாதிரிக்கும் வயதாகும் என்று கண்டோம்.

பிறகு மாதிரியை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தாள். ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் மாற்றும் நிரல் அது. பணம் எடுக்கும் வரிக்கும் சேர்க்கும் வரிக்கும் இடையே ஒரு பிழையை எழுப்பினாள். சர்வர் யாவற்றையும் பழையபடி மீட்டது. வேறு வகைப் பிழை ஒன்றை எழுப்பினாள். பணம் இங்கே குறைந்தது, அங்கே சேரவில்லை! எழுதுபவர் தாமே முன்னறிந்து அறிவிக்கும் பிழை நேர்ந்தால், மீட்கும்படி சொன்னாலன்றிச் சர்வர் தானாக மீட்பதில்லை. இதை அவள் விளக்கியபோது, "அப்பா, அன்று கேட்ட கேள்விக்கு விடை இதுதான்" என்றாள். அந்த ஐந்நூறு ஓர் ஏழையின் சம்பளமாக இருந்தால் என்னாவது என்று நாம் கேட்டோம். இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

அவளுக்கு இன்னும் வேலை அமையவில்லை. அடுத்த தேர்வு வரும் மாதம். ஆனால் இம்முறை அவள் அஞ்சவில்லை.

அன்பர்களே, நம் பிள்ளைகள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றனர், அது நன்றே. படித்ததை வீட்டில் தமிழில் சொல்லச் செய்யுங்கள். நமக்குப் புரியாவிடினும் கேட்போம். ஞாயிறு மாலைகளில் சங்க அறையில் இளைஞர்கள் கூடிப் பயில இடம் வேண்டுகிறோம். நம் மகள் கற்றுத் தர இசைந்திருக்கிறாள். பழைய கணிப்பொறி வைத்திருப்போர் கொடுத்துதவுங்கள்.