கையொப்பம் கேட்காத நோட்டு

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு ‘கலைக் குறிப்பேடு’ என்று அறிவித்ததுமே பின்வரிசையில் இருந்து ஒரு நண்பர், “இன்னொரு நோட்டா சார்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பேடு, மதிப்பெண் பதிவேடு, விலையில்லாப் பொருள்கள் வழங்கிய பதிவேடு, இவை போக எமிஸ் செயலி. நம்மிடம் பதிவேடுகளுக்குப் பஞ்சமே இல்லை. இவை எல்லாவற்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லாமே இன்னொருவர் பார்ப்பதற்காக நாம் எழுதுபவை.

நான் சொல்லப்போகும் நோட்டை யாரும் ஆய்வு செய்ய வரமாட்டார்கள். அதில் தலைமையாசிரியர் கையொப்பம் தேவையில்லை. மதிப்பெண் கிடையாது. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், கண்ணில் பட்ட ஒன்றைக் கோடாகவோ நிறமாகவோ பதிந்து, பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைக்கும் நம் சொந்த நோட்டு அது. கலைக் குறிப்பேடு என்பது அவ்வளவுதான்.

“அதெல்லாம் ஓவிய ஆசிரியருக்கு. எனக்கு வரைய வராது” என்று இப்போது பாதிப் பேர் மனத்திற்குள் சொல்லியிருப்பீர்கள். அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

‘வராது’ என்ற சொல் எப்போது வருகிறது?

ஒன்றாம் வகுப்பில் போய், “யாருக்கு வரையத் தெரியும்?” என்று கேட்டுப் பாருங்கள். எல்லாக் கைகளும் உயரும். அதே கேள்வியை எட்டாம் வகுப்பில் கேளுங்கள். கை உயராது. எல்லோரும் திரும்பி ஒரே ஒரு பிள்ளையைக் காட்டுவார்கள். “அவன்தான் சார் நல்லா வரைவான்.” ஏழு ஆண்டுகளில் வகுப்பு முழுவதற்கும் சொந்தமாக இருந்த ஒன்று, ஒருவனுடைய சொத்தாகிவிடுகிறது.

குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட தம் நூலில் அந்த வளர்ச்சியைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். ஏறத்தாழ ஒன்பது வயதில் ஒரு கட்டம் தொடங்குகிறது. அதுவரை தான் வரைந்த மாடு மாடாகவே இருந்தது. இப்போது உண்மையான மாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்துவிடுகிறது. “என் மாடு மாடு மாதிரி இல்லையே” என்ற எண்ணம் வருகிறது. யோசித்துப் பார்த்தால் இது வளர்ச்சிதான், கண் கூர்மையாகிவிட்டது என்பதன் அடையாளம். கண் வளர்ந்த வேகத்தில் கை வளரவில்லை, அவ்வளவே. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் சிரித்தாலோ, படத்திற்குப் பத்துக்கு மூன்று என்று போட்டாலோ, பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது.

நம்மில் பலர் அந்த நான்காம், ஐந்தாம் வகுப்பில் வைத்த பென்சிலை இன்னும் எடுக்கவில்லை. ஆகவே நமக்கு இருப்பது திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. பாதியில் நின்ற பயிற்சி அது. நின்ற இடத்திலிருந்து தொடங்கினால் நம் படம் பத்து வயதுப் பிள்ளையின் படம் போலத்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நம் வீட்டிலேயே இருந்த குறிப்பேடு

கலைக் குறிப்பேடு என்றதும் ஏதோ மேல்நாட்டுப் பழக்கம் என்று எண்ண வேண்டாம். நம் அம்மாக்களின் கோல நோட்டை நினைத்துப் பாருங்கள். பழைய டைரியிலோ கணக்கு நோட்டின் மிச்சத் தாள்களிலோ புள்ளி வைத்து, இழுத்து, தப்பினால் பக்கத்திலேயே மறுபடியும் போட்டுப் பார்த்திருப்பார்கள். ‘15 புள்ளி, ஊடு புள்ளி 8 வரை’ என்று ஓரத்தில் குறிப்பு இருக்கும். எண்ணெய்க் கறை இருக்கும். அந்த நோட்டை அவர்கள் யாரிடமும் காட்டிப் பாராட்டு வாங்கியதில்லை. “எனக்கு ஓவியம் வரும்” என்று சொன்னதும் இல்லை. மறுநாள் வாசலில் கோலம் இருக்கும், மாலைக்குள் கால்பட்டு அழியும். அழியப் போவதைப் பற்றிக் கவலைப்படாமல் போட்டுப் பழகும் அந்த மனநிலைதான் நமக்கு வேண்டியது.

பெரிய மனிதர்களின் நோட்டுகளும் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. இரவீந்திரநாத் தாகூர் கவிதைக் கையெழுத்துப் படிகளில் அடித்த சொற்களை அப்படியே விடாமல், அந்த அடித்தல்களை இணைத்து இணைத்துப் பறவையாகவும் விலங்காகவும் மாற்றினார். அந்தக் கிறுக்கல்களிலிருந்தே அவருடைய ஓவியம் வளர்ந்தது. முழுமூச்சாக வரையத் தொடங்கியபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1930இல் பாரிஸில் முதல் கண்காட்சி. வாழ்நாள் முடிவதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள். இங்கே நாற்பது, ஐம்பது வயதில் “இனிமேலா?” என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒன்று. சார்லஸ் டார்வின் 1837இல் தம் குறிப்பேட்டில் ஒரு சின்ன மரம் வரைந்தார். குச்சி குச்சியாகப் பிரியும் கோடுகள். ஓவியப் போட்டியில் அதற்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது. உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தன என்ற சிந்தனையை அவர் தமக்குத்தாமே தெளிவாக்கிக்கொண்ட பக்கங்களில் ஒன்று அது. நூலாக வந்தது 22 ஆண்டுகள் கழித்து, 1859இல்.

கணக்கு ஆசிரியர்களுக்கும் ஒன்று உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமாக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1963இல் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற புகழ்பெற்ற ஓவிய வரிசைக்குத் தூண்டுதலாக இருந்தது ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம். நாம் தினமும் திருத்திக் கட்டி வைக்கும் நோட்டுகளைத்தான் சொல்கிறேன்.

தொடங்குவது எப்படி?

விலை உயர்ந்த நோட்டு வாங்காதீர்கள். நல்ல நோட்டைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயமே முதல் தடை. கோடு போடாத 40 பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு மூன்றாம் பக்கத்தில் தொடங்குங்கள். முதல் பக்கம் சிறப்பாக இருக்க வேண்டும் என்ற சுமை குறையும்.

பேனாவால் வரையுங்கள். பென்சில் எடுத்தால் அழிப்பான் தேடும் கை, ஐந்து நிமிடத்தையும் அழிப்பதிலேயே கழித்துவிடும். கோடு தவறினால் பக்கத்தில் இன்னொரு கோடு. கோல நோட்டு முறை.

முதல் வாரம் பொருளை மட்டும் பாருங்கள், தாளைப் பார்க்காதீர்கள். ஒரு வேப்பிலைக் கொத்தை மேசையில் வைத்து, அதன் விளிம்பில் எறும்பு ஊர்வதாக நினைத்து, கண் போகும் வேகத்திலேயே பேனாவை நகர்த்துங்கள். படம் கோணலாகத்தான் வரும். எல்லோருக்கும் கோணலாக வரும். ஆனால் வேப்பிலையின் விளிம்பு ரம்பப் பல் போல இருப்பதும், நடு நரம்பு சற்று வளைந்து இலையைச் சரிபாதியாகப் பிரிக்காமல் போவதும் அப்போதுதான் கண்ணில் படும்.

இரண்டாம் வாரம், மதிய உணவு இடைவேளையில் அருகில் இருப்பதை வரையுங்கள். தேநீர்க் குவளை, சாவிக்கொத்து, கழற்றி வைத்த செருப்பு. பக்கத்தில் தேதியும் இரண்டு வரியும். வரைய மனமில்லாத நாளில் பேருந்துச் சீட்டையோ காய்ந்த இலையையோ ஒட்டினாலும் அது ஒரு பக்கம்தான்.

மூன்றாம் வாரம் நிறம். கடைக்குப் போக வேண்டாம். மஞ்சள், பீட்ரூட் சாறு, தேநீர், அடுப்புக்கரி. மஞ்சள் பூசிய இடத்தில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள், சிவக்கும். செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சையும் சோப்பும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். அமிலம், காரம் பாடம் உங்கள் நோட்டிலேயே முடிந்திருக்கும்.

இதனால் என்ன பயன்?

“இதற்கும் என் வகுப்பறைக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்கலாம். என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் வரிசையை வரைந்தேன். தலை, தோள், புத்தகம், இவ்வளவுதான். வரைந்து முடித்துப் பார்த்தால் ஒரு பையனின் தலை மட்டும் மற்றவர்களைவிடப் புத்தகத்திற்கு மிக அருகில், ஒரு பக்கமாகச் சாய்ந்து இருந்தது. அவன் உட்காரும் விதமே அப்படி என்றுதான் வகுப்பில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் வரைந்தேன். அதே சாய்வு. கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். வாசிப்பில் பின்தங்கியவர் பட்டியலில் இருந்த பெயர் அது.

ஐந்து நிமிடம் ஒன்றையே பார்க்கும் பழக்கம் நமக்குக் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு பாடவேளையில் நாற்பது முகங்கள். பார்க்கிறோம், ஆனால் நிதானித்துப் பார்ப்பதில்லை. வரையும்போது நிதானிக்காமல் முடியாது. விழித்திரை நோயால் பார்வை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தபோதும், மதுரையின் தெருக்களையும் கோபுரங்களையும் நுண்ணிய பேனாக் கோடுகளால் வரைந்தவர் பத்மஸ்ரீ மனோகர் தேவதாஸ். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், நல்ல கண்ணை வைத்துக்கொண்டு எத்தனை தவறவிடுகிறோம் என்று தோன்றும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது

நீங்கள் ஒரு மாதம் எழுதிய பிறகு வகுப்பிலும் தொடங்கலாம். மூன்று விதிகள் மட்டும். ஒன்று, அந்த நோட்டில் சிவப்பு மை படக் கூடாது. எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாதீர்கள், அதற்கு வேறு நோட்டுகள் இருக்கின்றன. இரண்டு, அவர்களாகக் காட்டினால் மட்டுமே பாருங்கள். காட்டினால் “அழகாக இருக்கிறது” என்று சொல்லி முடித்துவிடாமல், “இந்த மாட்டின் கயிறு எங்கே கட்டியிருக்கிறது?” என்று கேளுங்கள். பிள்ளை பேசத் தொடங்கும். மூன்று, சிறந்த நோட்டுக்குப் பரிசு என்று அறிவிக்காதீர்கள். போட்டிக்குக் கலைத் திருவிழா இருக்கிறது, அங்கே பிள்ளைகள் ஜொலிக்கட்டும். இந்த நோட்டு, மேடை ஏறாத முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கானது.

உங்கள் கோணல் வேப்பிலையை அவர்களிடம் ஒருநாள் காட்டுங்கள். ஆசிரியருக்கும் கோடு கோணலாக வரும், வந்த பிறகும் அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார் என்று ஒரு பிள்ளை கண்ணால் பார்ப்பது, நாம் சொல்லும் நூறு ஊக்க வார்த்தைகளைவிடப் பெரியது.

இந்தக் கூட்டம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். முன்னால் இருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். பேனாவை எடுங்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன வரைகிறார் என்று மட்டும் பார்க்க வேண்டாம்.