உள்ளே போகிறவருக்கு ஒரு தாள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

என் ஊர் வேடந்தாங்கல். ஏரிப் பறவைகள் மிரளக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 2020 நவம்பர் 14, தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்தால் டிவியில் செய்தி. மதுரை விளக்குத்தூண் பக்கம் பழைய கட்டிடத்தில் இருந்த ஜவுளிக்கடையில் தீ. அணைக்கப் போன வீரர்கள் இருவர், கட்டிடம் இடிந்து விழுந்து இறந்துபோனார்கள்.

அவர்களைக் கொன்றது தீ இல்லை, கட்டிடம். கட்டிடம் நம்ம சப்ஜெக்ட் ஆச்சே!

2015 மே மாதம் மும்பை கால்பாதேவியிலும் இதேதான். எரிந்த பழைய கட்டிடம் சரிந்ததில் தலைமைத் தீயணைப்பு அதிகாரி உட்பட நான்கு அதிகாரிகளை இழந்தார்கள். அனுபவம் இல்லாதவர்களா அவர்கள்?

எரிகிற கட்டிடம் ஏன் விழுகிறது? நாம் படித்ததுதான். 550 டிகிரி வாக்கில் இரும்பு ஏறக்குறைய பாதி பலத்தை இழக்கிறது. சூட்டில் நீளும் உத்தரம் சுவரை வெளியே தள்ளும். மெட்ராஸ் டெரஸில் மர உத்தரம் கருகி மெலிந்தால், மேலே உள்ள செங்கல், சுண்ணாம்பு அத்தனையும் கீழே வரும். அணைக்க அடிக்கும் தண்ணீரும் பாரம்தான். நிமிடத்துக்கு 500 லிட்டர் என்றால் அரை டன். அதைத் துணிப் பொதிகள் குடித்துக்கொண்டால்?

சுவரின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நில் என்பது அவர்கள் விதி. 10 மீட்டர் சுவருக்கு 15 மீட்டர். நம்ம கடைத்தெருவில் அந்த 15 மீட்டர் எங்கே இருக்கிறது? 2017 மே 31 அன்று தி.நகர் சென்னை சில்க்ஸ் எரிந்தபோது அக்கம்பக்கத்தாரை அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் விடியுமுன் கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்தது. அதில் யாரும் சாகவில்லை.

இப்போது என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கடைக்கு நடுச்சுவரை எடுத்துவிட்டு இரும்பு உத்தரம் வைக்க வரைந்து கொடுத்தேன். கணக்கில் தப்பில்லை. உத்தரத்துக்குத் தீக்காப்புப் பூச்சு வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். செலவு என்றார்கள், அந்த வரியை அடித்துவிட்டேன். மதுரைச் செய்திக்குப் பிறகு போய்ப் பார்த்தால், உத்தரமே தெரியாமல் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருந்தது. நாளைக்கு அங்கே தீப்பிடித்தால், உள்ளே நுழைகிறவருக்கு யார் சொல்வார்கள்? விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தானே!

பூச்சுக்கு உரிமையாளர் இன்னும் சம்மதிக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு தாளுக்குச் சம்மதித்தார். எது பாரம் தாங்கும் சுவர், எங்கே வெறும் இரும்பு, மாடிப்படி எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே என்று ஒரே பக்கத்தில் வரைந்து வாசலருகே மாட்டினேன். ஒரு நகலைத் தீயணைப்பு நிலையத்தில் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, "உள்ளே ஆள் இல்லேன்னு தெரிஞ்சா, என் பசங்களை இதுக்குள்ள அனுப்ப மாட்டேன் சார்" என்றார்.

தம்பி தங்கைகளே, சாவியை ஒப்படைத்ததும் நம்ம வேலை முடிந்துவிடவில்லை. நீங்கள் மாற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் அப்படி ஒரு தாள் எழுதுங்கள். நான் அடித்த அந்த வரியை மட்டும் நீங்கள் அடிக்காதீர்கள்.