தகப்பனான ராப் பாடகர்



ராப் பாட்டு என்றால் என்ன என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே பாடிக் காட்டிவிடுவார்கள். இராகம் குறைவு, பேச்சு அதிகம். தாளத்தின் மீது சொற்களை அடுக்கிக்கொண்டே போவதுதான் அது. நம் நாட்டில் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' 2006-இல் வெளிவந்த பிறகு தமிழிலும் அது நமக்குப் பழகிவிட்டது. "இதுவும் ஒரு பாட்டா?" என்று பெரியவர்கள் கேட்பதும், இளையவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இன்னும் நின்றபாடில்லை. ஆகவே இன்று நாம் ஓர் அமெரிக்க ராப் பாடகரைப் பற்றிப் பார்ப்போம். அவர் பெயர் நாஸ். முழுப்பெயர் நாசிர் ஜோன்ஸ். கோபக்கார வாலிபராகப் பெயர் எடுத்தவர், வயது ஏறியபின் எதைப் பாடினார் என்பதுதான் நம் பேச்சு.

நாஸ் 1973-இல் பிறந்தவர். நியூயார்க் நகரில் குவீன்ஸ்பிரிட்ஜ் என்னும் குடியிருப்பில் வளர்ந்தார். வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகள் அவை, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை. தாயார் அஞ்சல் துறையில் வேலை பார்த்தார். தந்தையார் ஓலு டாரா, கார்னெட் என்னும் ஊதுகருவி வாசிக்கும் ஜாஸ் கலைஞர். பருத்தித் தோட்டங்களுக்குப் பேர்போன மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வந்தவர். தாயும் தந்தையும் பிரிந்தார்கள். பையன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டான். 1992-இல் அவனுடைய உற்ற நண்பன் அந்தக் குடியிருப்பிலேயே சுட்டுக் கொல்லப்பட்டான்.

இரண்டு ஆண்டு கழித்து, 1994-இல், 'இல்மாட்டிக்' என்னும் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. நாற்பது நிமிடத்துக்கும் குறைவானது. மாடிச் சன்னலில் நின்று கீழே தெருவைப் பார்த்து, கண்ட காட்சியை ஒன்றுவிடாமல் சொல்கிறவனைப் போன்ற குரல் அதில் இருந்தது. ஒரு பாட்டின் முடிவில் தந்தையின் கார்னெட்டும் ஒலிக்கிறது. இருபது வயதுப் பையனை எல்லாரும் கவிஞன் என்றார்கள்.

இருபது வயதில் கிடைத்த புகழ் பெரிய சுமை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடுத்து என்ன செய்தாலும், "முதல் தட்டுப் போல் இல்லையே" என்றார்கள். 1999-இல் அவர் ஒரே ஆண்டில் இரண்டு தட்டுகள் வெளியிட்டார். இரண்டாவதான 'நாஸ்ட்ரடாமஸ்' அவசரச் சமையல் என்றே நாம் சொல்லுவோம். சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் வாய் ஓயாமல் பேசுகிறவரின் சாயல் அதில் இருக்கிறது.

2001-இல் ஜே-ஸீ என்னும் மற்றொரு பெரும் பாடகர் அவரைப் பாட்டாலேயே தாக்கினார். நாஸ் 'ஸ்டில்மாட்டிக்' தட்டில் திருப்பித் தாக்கினார். இரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். அந்தப் பாட்டில் திறமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வசையும் நிறைய உண்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கக்கூடிய பாட்டு அல்ல. இந்தச் சண்டை 2005-இல் மேடையிலேயே சமாதானமாகி, மறு ஆண்டு ஜே-ஸீ தலைவராக இருந்த நிறுவனத்திலேயே நாஸ் சேர்ந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சண்டையை நினைவு வைத்திருக்கும் அளவுக்குச் சமாதானத்தை யார் நினைவு வைக்கிறார்கள்?

வசை பாடிய மறு ஆண்டே அவர் வாழ்க்கை திரும்பியது. 2002-இல் தாயார் புற்றுநோயால் காலமானார். அதே ஆண்டின் இறுதியில் 'காட்ஸ் சன்' என்னும் தட்டு வந்தது. தாயோடு இன்னும் ஒரு தடவை ஆடமாட்டோமா என்று ஏங்கும் பாட்டு அதில் இருக்கிறது. மார்தட்டிப் பேசுவதே வழக்கமான இந்தக் கலையில், அம்மாவை இழந்த மகனாக நின்று பேசுவது எளிதன்று. அதே தட்டில் சிறுவர்கள் சேர்ந்து குரல் கொடுக்கும் 'ஐ கேன்' என்ற பாட்டும் உண்டு. பீத்தோவனின் புகழ்பெற்ற பியானோ இசையின்மேல் அது கட்டப்பட்டது. படித்து உழைத்தால் முன்னேறலாம், சிறுமிகள் பெரியவர்களைப்போல் நடிக்க அவசரப்பட வேண்டாம் என்று புத்தி சொல்கிறது. அதில் வரும் சரித்திரச் செய்திகள் சிலவற்றை ஆராய்ச்சியாளர் ஒப்பமாட்டார்கள். அது வேறு விஷயம்.

2004-இல் தந்தையும் மகனும் ஒரே பாட்டில் சேர்ந்தார்கள். தந்தை பழைய புளூஸ் பாணியில் பாட, மகன் ராப் பாடுகிறார். பத்தாண்டுக்கு முன் பாட்டின் ஓரத்தில் ஊதிவிட்டுப் போன தகப்பனார் இப்போது நடுவில் நிற்கிறார். கேட்பவருக்கு ஒன்று விளங்கும்: நேற்று வந்ததாகத் தோன்றும் ராப் பாட்டுக்கும் பாட்டன் பூட்டன் உண்டு.

இனி 2012-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவருடைய மணவாழ்வு அதற்குள் முறிந்துவிட்டது. 'லைஃப் இஸ் குட்' என்ற தட்டின் அட்டையில், பிரிந்துபோன மனைவியின் பச்சை நிறக் கல்யாண உடையை மடிமேல் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறார். வேறொருத்தியாக இருந்தால் ஏசியிருப்பாள், வேறொருவனாக இருந்தால் அந்த உடையை எரித்திருப்பான். இவர் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தத் தட்டில்தான் 'டாட்டர்ஸ்' என்ற பாட்டு இருக்கிறது. வளர்ந்துவிட்ட மகள் சமூக ஊடகத்தில் போட்ட ஒரு படம் தகப்பனைத் தலைகுனிய வைக்கிறது. அவள் பழகும் பையனோ சிறையில் இருக்கிறான். தகப்பனுக்குக் கோபம் வருகிறது. ஆனால் தன் வாலிபத்தில் தான் பாடியது என்ன, நடந்துகொண்டது என்ன என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது. கண்டிப்பான தகப்பனாக நாம் இருந்தோமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். வீட்டுச் சங்கதியை ஊரறியப் பாடலாமா என்று நாமும் கேட்கத்தான் செய்கிறோம். பாடியவர் முதலில் குற்றம் சாட்டுவது தன்னைத்தான் என்பதால் பொறுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அந்தத் தட்டு முதலிடத்தில் நுழைந்தது. அந்த மகள் பிறந்தது, 'இல்மாட்டிக்' வெளிவந்த அதே 1994-இல். சன்னலில் நின்று தெருப் பையன்களைப் பாடியவர், பதினெட்டு ஆண்டு கழித்து, அதே போன்ற பையன் தன் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கிறார்.